ஒட்டுன பேர், பெத்த இடம்

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு பிள்ளையைத் தெருவில் பார்த்தால் யாரும் பேரைக் கேட்பதில்லை. "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் இதுதான் வழக்கம். பேர் என்ன பேர், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் வைத்துவிட்டுப் போகலாம். நான் சொல்லப்போகிற அக்கா இந்தக் கேள்வியை ஃபிலிம் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்.

உத்தமபாளையத்தில் நான் கூரியர் கடை வைத்திருக்கிறேன். அனுமந்தன்பட்டிக்கு ஒரே முகவரிக்கு வாரம் நாலைந்து சின்னப் பார்சல் வர ஆரம்பித்தது. சென்னை, பெங்களூர், கொச்சி என்று ஊர் ஊராக வரும். குலுக்கினால் உள்ளே டப்பா உருளும். நான் ஏதோ லேகியம் என்று நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். அந்த அக்கா என் எதிரிலேயே பிரித்துக் காட்டினார். கட்டைவிரல் பருமனில் கருப்பு வெள்ளை ஃபிலிம்.

மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவர். ஊரில் அவருக்கு எக்ஸ்ரேக்காரம்மா என்றுதான் பேர். எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனதும் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக் குளியலறை ஜன்னலில் கருப்புத் துணியை அடித்து இருட்டறை ஆக்கிக்கொண்டார். கல்யாணம் கிடையாது. தனியாள். போனில் நாளெல்லாம் படம் எடுத்துத் தள்ளுகிற பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் திடீரென்று பழைய கேமராமேல் பித்துப் பிடித்திருந்த நேரம் அது. எடுத்த ரோலைக் கழுவித் தர ஆளில்லாமல், யார் யாரிடமோ விசாரித்து இவருக்கு அனுப்பினார்கள்.

"வித்தவன் பேரு டப்பா மேல பெருசா இருக்கு. பூசுனவன் பேரு எங்கன இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றார் என்னிடம்.

"பூசுனவனா?"

"ஆமா தம்பி. பிளாஸ்டிக்கு மேல மருந்து பூசுறதுதான் ஃபிலிம். அதைப் பூசுற ஆலையை ஒலகம் பூராத்துக்கும் விரல் விட்டு எண்ணிரலாம். பேரு மட்டும் தெருவுக்கு ஒண்ணு. ஒருத்தன் பூசுறான், ஒருத்தன் வெட்டிச் சுத்துறான், மூணாவது ஆளு வந்து லேபிளை ஒட்டி எங்க வீட்டுப் பிள்ளைங்கிறான்."

இதில் என்ன கெட்டுப்போயிற்று, படம் விழுந்தால் சரிதானே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பார்சல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆனாலும் அடுத்த தடவை நின்று பார்த்தேன். எனக்கு வாயும் அதிகம், வேடிக்கை பார்க்கிற புத்தியும் அதிகம். ரோலின் நுனியைக் கொஞ்சம் கிழித்துப் பார்ப்பார். சில ஃபிலிம் காகிதம் மாதிரிக் கிழியும், சிலது இழுத்தால் கையை அறுக்குமே தவிர கிழியாது. ஓரத்தில் ஓடுகிற எண்ணையும் எழுத்தையும் பார்ப்பார், ஆனால் நம்ப மாட்டார். அதையும் எவனும் அச்சடித்துக்கொள்ளலாமாம். அவர் நம்பியது ஒன்றைத்தான். மருந்து ஊற்றுவதற்கு முன்னால் ஃபிலிமைச் சும்மா தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டுவார். அதற்கு முதத் தண்ணி என்று பேர் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் சாயம் இறங்கி வரும். ஒரு ஆலைக்குப் பச்சை, ஒன்றுக்கு ஊதா, ஒன்றுக்கு மை நீலம். இருமல் மருந்து பாட்டில்களில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருந்தார். புதுத் தண்ணீரை ஒவ்வொரு பாட்டிலோடும் ஒட்டிப் பிடித்துப் பார்த்து, நிறம் பொருந்தியதும், "சாயம் வெளுத்துருச்சு" என்பார். அப்போது மட்டும்தான் அவர் முகத்தில் சிரிப்பு வரும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை என்று அப்போதே லூர்துவிடம் சொன்னேன். லூர்து என் மனைவி.

கழுவிய நெகட்டிவோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்து அனுப்புவார். அதில் இரண்டே வரி. 'ஒட்டுன பேர்' என்று ஒன்று, 'பெத்த இடம்' என்று ஒன்று. யாரும் கேட்டதில்லை, இவராக எழுதுவது. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரே குஷி. அந்தச் சீட்டுகளைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டார்கள்.

அதில் சிக்கியவர் ஒரு கொச்சிக்காரர். முப்பது வயது இருக்கும். மலை படம் போட்ட டப்பாவில் ஒரு ஃபிலிமைக் கொண்டுவந்தார். நம் மண்ணிலேயே நாங்களே பூசியது என்று விளம்பரம். நாலு பேர் அந்த ரோலை அக்காவுக்கு அனுப்ப, நாலு பேருக்கும் ஒரே சீட்டுப் போனது. பெத்த இடம், ரோட்டில் வேகமாகப் போகிற வண்டியைப் பிடிக்கிற கேமராவுக்கென்று ஐரோப்பாவில் பூசுகிற ஆலை. அவ்வளவுதான், இன்டர்நெட்டில் ஆளை நார் நாராகக் கிழித்துவிட்டார்கள். அவர் பஸ் பிடித்துக் குமுளி வழியாக இறங்கி, என் கடைக்கு வந்து வழி கேட்டார். நான்தான் கூட்டிப்போனேன்.

"சேச்சி, எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க. நான் பொய் சொன்னது தெற்றுதான், தப்புதான். பின்னே, நீங்க ஒரு வரி மாத்தி எழுதினா நான் பிழைச்சுக்குவேன்" என்று கும்பிட்டார்.

"நான் ஒங்களை ஒரு குத்தமும் சொல்லலயே தம்பி" என்றார் அக்கா, மோரை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே. "நல்ல ஃபிலிம்தான். பெத்தவுக பேரையும் சேத்துச் சொல்லுங்கங்கிறேன். அதுல ஒங்களுக்கு என்ன வருத்தம்?"

அவர் மோரைக் குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்காவிடம் சொன்னபோது, "அப்படியா" என்றார். மனசறிந்து ஒருவரைக் கெடுக்கிற ஆள் இல்லை அவர். கெட்டுப்போகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பயம் முற்றியது தேவாரம் என்கிற பக்கத்து ஊரில் நடந்த கல்யாணத்தில். ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். பார்சல் பழக்கத்தில் எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. பந்தியில் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் பெண் வீட்டு அம்மாள் ஒருவர். மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அப்பளம் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில், பக்கத்து அம்மாளிடம் சொன்னார்.

"இந்தப் பையன் இவருக்குப் பிறந்தவன் இல்ல. நடை வேற, கை வீச்சு வேற."

அந்த அம்மாள் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டார். பாயசம் வருவதற்குள் அது நாலு பந்திக்குப் பரவிவிட்டது. கல்யாணம் நிற்கவில்லை, தாலி கட்டியாயிற்று. ஆனால் அந்தப் பையன் மூன்று மாதத்தில் வீட்டைவிட்டுத் திருப்பூருக்குப் போனார். அப்பா படுத்த படுக்கையானபோதும் வரவில்லை. அவருடைய அம்மா கோவில் படி ஏறுவதையே நிறுத்திவிட்டார். இத்தனையும் அக்காவுக்குத் தெரியும். "உண்மை தெரிஞ்சுதானே போனான்" என்றார்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஜெனி நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை. போடியில் இருந்தபோது முறைப்படி எழுதிக் கொடுத்து, கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு, ஐந்து மாதக் குழந்தையாக வாங்கிவந்தோம். அந்தச் சூட்டோடு உத்தமபாளையத்துக்கு வந்துவிட்டோம். புது ஊரில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதில் சொல்லலாம் என்றிருந்தோம். பள்ளிக்கூடம் சேரட்டும் என்றோம். கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை முடியட்டும் என்றோம். கோர்ட்டுக் காகிதம் பீரோவில் லூர்துவின் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது.

தேவாரத்துக்குப் பிறகு ஜெனியை அந்த அக்கா கண்ணில் படாமல் வைத்திருக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் நாங்கள் பூசைக்குப் போவதும் அனுமந்தன்பட்டிக் கோவிலுக்குத்தான். புதுநன்மை அன்று வெள்ளைக் கவுனும் மெழுகுதிரியுமாகப் பிள்ளைகள் நிற்க, அக்கா கேமராவோடு வந்துவிட்டார். ஜெனிக்கு அப்போது ஒன்பது வயது. "அத்தை, எங்களை எடுங்க" என்று அவளே போய் இழுத்து வந்தாள். லூர்து, நான், நடுவில் பிள்ளை. அக்கா கேமராவில் கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவேயில்லை. எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து, படம் வாங்கப் போன பிள்ளைகளோடு ஜெனியும் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை லூர்து சீப்பை எடுத்துக்கொண்டு வந்தபோது, "வேண்டாம், நானே பின்னிக்கிறேன்" என்றாள். பைக்கில் பள்ளிக்கூடம் போகும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக என்னைக் கட்டிக்கொண்டாள். இப்படி நாலு நாள். ஐந்தாவது நாள் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அப்பா, நான் எக்ஸ்ரே அத்தைகிட்ட கேட்டேன். நீங்க எனக்கு நெஜ அப்பாதானாம். அம்மாதான் வேறயாம்."

"யாரு கேக்கச் சொன்னா?"

"கிளாஸ்ல ஒரு பிள்ளை, நீ ஒங்க அம்மா மாதிரியே இல்லன்னா. அதான் கேட்டேன். அத்தைக்குத்தான் பாத்தாலே தெரியுமே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை ஆத்தா, அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு குளிர்ந்துபோயிற்று. பார்த்த பொருளின் பிறப்பைச் சொல்கிற ஒருத்தர், இவள் இவன் பெற்ற பிள்ளை என்று என்னைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். "நேரமாச்சு, பெறகு பேசலாம்" என்று வண்டியை எடுத்தேன்.

அதன்பிறகு வாரம் கடந்தும் அந்தப் 'பெறகு' வரவில்லை. ஜெனி கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி, புருவத்தைத் தூக்கிக் காட்டுவாள். நானும் தூக்குவேன். அடுப்படியில் லூர்து பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்கும். ஒரு மத்தியானம் லூர்து கடைக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"எம் பிள்ளை என்னை நீங்கங்கிறா" என்றாள். "வா அம்மா, போ அம்மான்னு இருந்தவ, 'நீங்க சாப்பிடுங்க'ங்கிறா. நான் என்னங்க செஞ்சேன்?"

எங்கள் பக்கம் அப்பாவை 'நீங்க' என்பார்கள், அம்மாவை 'நீ' என்பார்கள். அம்மாவுக்கு மரியாதை கொடுத்துவிட்டால் அவள் அந்நியம். நான் அக்கா சொன்னதை மட்டும் லூர்துவிடம் சொன்னேன். எனக்கு அது முன்பே தெரியும் என்பதைச் சொல்லவில்லை. கோபத்தைக் கூட்டிக்கொண்டு அனுமந்தன்பட்டிக்குப் போனேன்.

அக்கா குழாயடியில் ஃபிலிம் அலசிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகிட்ட என்னத்தைக்கா சொல்லி வச்சீக?"

"கேட்டா, சொன்னேன்" என்றார். "அவ வயசுல நானும் போர்டிங்ல சிஸ்டர்மாரு காலைக் கட்டிக்கிட்டுக் கேட்டேன், என்னைப் பெத்தவுக யாருன்னு. பேரு வச்சது நாங்க, அது போதாதான்னாக. ஒருத்தரும் சொல்லல. கேக்குற பிள்ளைக்குச் சொல்லாம இருக்கிறது பாவம் தம்பி."

"எதை வச்சுச் சொன்னீக?"

"வாசல்ல செருப்பை விட்டதும் வலது குதியை இடது கால்ல தேய்க்கிறா. நீங்களும்தான். பேச ஆரம்பிக்க முந்தித் தொண்டையைச் செருமுறா. டம்ளரை ஒரு சுத்துச் சுத்திட்டுத்தான் வாயில வைக்கிறா. இதெல்லாம் சொல்லிக் குடுத்து வருமா? தன்னால வர்றது. மொகத்தைப் பாத்து ஏமாறலாம், இதுல ஏமாற முடியாது. ஒங்களுக்கு அவளை யாரு பெத்துக் குடுத்தாங்கிற விசயமெல்லாம் எனக்கு வேண்டாம்."

"தப்புக்கா. நானும் இல்ல. நாங்க ரெண்டு பேருமே இல்ல. அஞ்சு மாசப் பிள்ளையா வாங்கிட்டு வந்தோம்."

உத்தமபாளையத்துக்கு வந்தபிறகு வெளியாளிடம் நான் அதைச் சொன்னது அன்றுதான். அக்கா குழாயை மூட மறந்து நின்றார். ஃபிலிம் தொட்டியில் சுருண்டு சுருண்டு ஓடியது. பிறகு என்னைக் கேட்டார்.

"கூட இருந்தா இம்புட்டு ஒட்டுமா தம்பி?"

உண்மையாகவே தெரியாமல் கேட்டார். ஒரு வீட்டில் ஒரு ஆளோடு சேர்ந்து இருந்தே பழக்கமில்லாதவர்.

"ஒட்டும்க்கா."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "அப்ப தேவாரத்துல நான்…" என்று ஆரம்பித்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைகிட்ட சொல்லணும்."

"வேண்டாம்க்கா."

"தப்பா ஒட்டுனது நான். நான்தான் கிழிக்கணும். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவால்ல? அதுக்குள்ள நீங்க சொன்னா நல்லது. இல்லாட்டி கோவில் வாசல்ல வச்சு நான் சொல்லுவேன்."

"ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். இப்பத்தான் எங்கிட்ட அவ அம்புட்டு ஒட்டுதலா இருக்கா…"

சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஃபிலிம் நுனியைக் கிழித்துவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ஒங்ககிட்டயா? அவ அம்மாகிட்ட?"

நான் வண்டியை எடுத்தேன்.

பிறகு அந்த அக்கா சீட்டு எழுதுவதை விட்டுவிட்டார். வருகிற பார்சலை வாங்க மறுத்து, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொன்னார். நானே முத்திரை குத்தி அனுப்பினேன். தேவாரத்துக்கு இரண்டு முறை போனதாகவும், அந்த வீட்டில் கதவைத் திறக்கவில்லை என்றும் சொன்னார்கள். வருஷம் திரும்புவதற்குள் திண்டுக்கல் பக்கம் சிஸ்டர்மார் நடத்துகிற முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். வீட்டைக் காலி செய்தவர்கள் இருமல் மருந்து பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டினார்கள். பச்சையும் ஊதாவுமாகக் கொஞ்ச தூரம் ஓடிற்றாம். இருக்கிறாரா இல்லையா, தெரியவில்லை. எனக்கு விசாரிக்கத் துணிச்சலும் இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை நடந்ததைத் தாண்டிக்கொண்டு வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான்.

மறுநாள் பூசை. அக்கா வைத்த கெடுவை லூர்துவிடம் சொல்லியிருந்தேன். சாயங்காலம் லூர்து பீரோவைத் திறந்து காகிதத்தை எடுத்து வந்தாள். ஜெனியை நடுவில் உட்காரவைத்துச் சொன்னோம். பெரும்பாலும் லூர்துதான் சொன்னாள், எனக்குத் தொண்டையைச் செருமுவதற்கு மேல் வரவில்லை. பிள்ளை அழாமல் கேட்டாள். எந்த ஊர், யார் என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னோம். காகிதத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்?"

"ஒண்ணுதான்டா கண்ணு" என்றாள் லூர்து.

அதற்குப் பிறகுதான் அழுதாள். லூர்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, நான் ஒன்னைய எப்படியெல்லாம் பேசிட்டேன்" என்று தேம்பினாள். லூர்து அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போய்க் கையை வைத்தேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"பாலத்துல வச்சு நான் கேட்டப்ப ஒங்களுக்குத் தெரியும்லப்பா. அம்மா அத்தனை நாளு அழுதா. நீங்க ஏன் இல்லன்னு சொல்லல?"

லூர்துவின் கை பிள்ளையின் தலையில் அப்படியே நின்றுவிட்டது. அவளும் என்னைப் பார்த்தாள்.

ஜெனி இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இன்னொரு தடவை அவள் கேட்கவில்லை. லூர்துவும் கேட்கவில்லை.